பட்டா உங்களுக்கு, பாதை குழாய்க்கு

பெட்ரோலியக் குழாய் பதிக்க நிலத்தை வாங்கவே வேண்டாம், பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்கிறது 1962-ஆம் ஆண்டுச் சட்டம். என்ன பெருந்தன்மை! பட்டா உங்கள் பேரிலேயே இருக்கும். வரியையும் நீங்களே கட்டிக்கொள்ளலாம். குழாய் போகும் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. மற்றபடி நீங்கள்தான் ராஜா. இதற்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம் இழப்பீடு. (சந்தை மதிப்பு என்னவென்று சொல்பவர் சந்தைக்குப் போனவராக இருக்க வேண்டியதில்லை.)

கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் கிளம்பிய எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு என்று கிருஷ்ணகிரி வரை வயல் வயலாகக் கோடு போட்டபோது, ‘நெடுஞ்சாலை ஓரமாகப் போடுங்களேன்’ என்றது தமிழக அரசு. 2016-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆக, தென்னந்தோப்புக்காரர்கள் கொத்தமல்லிக்கு மாறிக்கொள்ளலாம். அதன் வேர் தேசிய வளர்ச்சியைத் தொடும் அளவுக்குக் கீழே போகாது. பெங்களூரில் யாருக்கோ அடுப்பு எரியும்போது ரசத்தில் கிள்ளிப்போடவும் ஆகும்.