கண்மாய்க்கரைத் தூண்டில் நரம்பின் தர நிர்ணயம்: ஓர் ஆய்வு முன்னோட்டம்

பாண்டியர் கொடியில் மீன். கோயிலில் குடியிருப்பவள் மீனாட்சி. திருவிளையாடல் புராணத்தின் 57ஆம் படலத்தில் சிவபெருமானே வலைஞராக வந்து சுறாவைப் பிடித்து, பரதவர் வீட்டில் வளர்ந்த உமையை மணக்கிறார். இவ்வளவு இருந்தும் தூண்டில் நரம்பைப் பற்றி இந்த மதுரையில் ஒரு முனைவர் பட்டமும் எழாதது பெருங்குறை. இறைவனே வலையைத் தேர்ந்துவிட்டதால் தூண்டிலுக்குச் செல்வாக்குக் குன்றியது என்பது எம் முதல் கருதுகோள். வள்ளுவரோ சூது அதிகாரத்தின் முதல் குறளிலேயே தூண்டில் முள்ளை விழுங்கிய மீனைக் காட்டுகிறார். அந்த முள்ளை எதில் கட்டியிருந்தார்கள், அதன் கனம் என்ன என்று மூச்சு விடவில்லை. பரிமேலழகரும் நம்மைக் கைவிட்டார்.

ஆய்வுக்களமாக முதலில் வைகையைத்தான் குறித்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் மாடக்குளம் கண்மாய்க்கு மாறினோம். தகுதியில் குறைந்த களமல்ல. பாண்டியர் கல்வெட்டுகள் தலைநகரையே ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்று கண்மாயை வைத்துத்தான் அடையாளம் சொல்கின்றன.

ஒப்பாய்வுக்கு ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆறு. அங்கே சால்மன் பிடிப்பவர்களுக்கு ஒரு சங்கடம்: கரை செங்குத்து, முதுகுக்குப் பின்னால் மரம். கம்பைப் பின்னுக்கு வீசினால் முள் கிளையில் மாட்டும். அதனால் இரு கையாலும் பிடிக்கும் நீளக் கம்பை வைத்துக்கொண்டு, நரம்பைப் பின்னால் போகவிடாமல், தண்ணீர்மேல் வளைத்து முன்னுக்கே சுண்டும் வீச்சு ஒன்றைப் பழகினார்கள். அவர்கள் இரையாகக் கட்டுவது இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சி. அதற்குக் கனமே கிடையாது. ஆகவே கனத்தை நரம்பிலேயே ஏற்றி, நடுப்பகுதியை நீளமாகத் தடிக்க வைத்துச் செய்கிறார்கள். அந்தத் தடிப்பு மட்டும் சிலவற்றில் 60 அடியைத் தாண்டும். எது நன்றாகப் பறக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கே கௌரவமான பொழுதுபோக்கு.

நம் கரையில் அந்த மரத்தின் இடத்தில் நிற்பது சீமைக்கருவேலம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே 2017இல் இதை அகற்றக் கெடு விதித்தது. நிலத்தடி நீரைப் பற்றிப் பேசப்பட்டதே தவிர, தூண்டில்காரர் தரப்பு வாதம் கேட்கப்படவில்லை. எனவே நம் கரையில் நரம்புக்கு முதல் பரீட்சை கருவேலம், மீன் இரண்டாம் பரீட்சைதான்.

சோதனைக்கு இரண்டு வகை எடுத்தோம்: 0.40 மி.மீ. சாதா நைலான், புதிதாக வந்திருக்கும் பின்னல் நரம்பு. நைலான், சுற்றிலிருந்து உருவியதும் சுருள் சுருளாக நிற்கும்; இரு கையிலும் பிடித்து இழுத்து நீவினால்தான் வழிக்கு வரும். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொடவேண்டும். இது அசுத்தம் அல்ல, அறிவியல்: உலர்ந்த நைலானை இறுக்கினால் உராய்வுச் சூட்டில் முடிச்சருகே பலம் போய்விடும். போதாக்குறைக்குத் தண்ணீர் குடித்தால் இன்னும் கொஞ்சம் தளரும், வெயில் பட்டால் நாளடைவில் நொறுங்கும். பின்னல் நரம்புக்கு இந்த நோய்கள் குறைவு. அது இழுபடாததால், ஜிலேபிக் கெண்டை மண்புழுவை மோந்து பார்த்தாலும் விரல் நுனிக்குச் சேதி வந்துவிடும். விரால் கவ்விக்கொண்டு ஆகாயத்தாமரைக்குள் ஓடினாலும் தாங்கும். காகிதத்தில் முடிவு வெளிப்படை.

கரையில் நடந்தது வேறு. பின்னல் நரம்பு கருவேலங்கிளையில் சிக்கியது. இழுத்தோம், அறவில்லை. கையில் சுற்றி இழுத்தோம். விரலை அறுத்ததே தவிரத் தான் அறவில்லை. கடைசியில் முள்ளோடு கிளையே ஒடிந்து ஆய்வாளர் தோளில் இறங்கியது. பக்கத்தில் மூங்கில் கம்போடு குந்தியிருந்த பெரியவர் தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல், “என்ன தம்பி, மரத்துல மீன் புடிக்கிறீகளா?” என்றார். அவர் நரம்பு கம்பின் நீளத்துக்குமேல் ஒரு சாணும் இல்லை. வீச்சே கிடையாது, காலடியில் இறக்குகிறார். ஸ்பே ஆற்றுக்காரர்கள் ஒரு கலையையே உண்டாக்கித் தீர்த்த சிக்கலை இவர் நரம்பை வெட்டித் தீர்த்திருந்தார். இந்த முறை ஆய்வுக்கே இடம் வைக்காததால் இதைப் புள்ளிவிவரத்தில் சேர்க்கவில்லை.

நைலானும் மாட்டத்தான் செய்தது. ஒரு வெட்டு வெட்டியதும் பட்டென்று அறுந்தது. நட்டம் ஒரு முள், ஒரு தக்கை. ஆக, கருவேலங்கரைக்கு உகந்தது பலம் குறைந்த நரம்பே என்று நிறுவினோம். முடிவைச் சரிபார்க்கக் கடைக்குப் போய், “அண்ணே, சீக்கிரம் அறுந்துபோற மாதிரி நரம்பு இருக்கா?” என்று கேட்டோம்.

“நம்மகிட்ட எல்லாமே அதுதாண்ணே. ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டு வாங்குனதில்ல.”