நாளைக்கு ஏறும்

எங்கள் புளோக்கில் எட்டாவது மாடியில் ஓர் அண்ணன் இருக்கிறார். போன சனிக்கிழமை லிஃப்ட்டில் பார்த்தவுடன், "ஊருக்கு அனுப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். வியாழக்கிழமையே அனுப்பிவிட்டேன் என்றேன். "என்ன ரேட்?" சொன்னேன். "அடடா!" என்றார். அத்தனை உருக்கமான அடடாவை நான் அண்மையில் கேட்டதில்லை. "ஒரு நாள் பொறுத்திருக்கலாமேம்மா. நேத்து இருபது காசு கூட. நான் நேத்துதான் அனுப்பினேன்." எட்டாவது மாடி வந்தது. அவர் இறங்கிப் போய்விட்டார். இருபது காசு மட்டும் என்னோடு பன்னிரண்டாவது மாடிக்கு வந்து, இன்னும் வீட்டைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நான் அனுப்பியது 1,000 சிங்கப்பூர் வெள்ளி. இருபது காசு என்றால் 200 ரூபாய். ஒரு வெள்ளிக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மூன்று வெள்ளிகூட முழுசாகத் தேறாது. காப்பிக்கடையில் ஒரு தே, ஒரு பரோட்டா, முடிந்தது. அதை யாராவது கடனாக வாங்கிக்கொண்டு திருப்பித் தராவிட்டால்கூட நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் அந்த அண்ணனுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்கவில்லையே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மாவிடம் சொல்லி ஆறுதல் தேடலாம் என்றால் மன்னார்குடியில் நிலைமை இன்னும் மோசம். எங்கள் தெருவில் பல வீடுகளில் யாராவது ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். பணம் வந்து விழுந்ததும் அம்மா போன் செய்வார். நலம் விசாரிப்பதற்கு முன்பே, "எதுத்த வீட்டுத் தம்பிக்கு உன்னைவிட நல்ல ரேட்டு கிடைச்சிருக்கேடி?" என்பார். தம்பி எவ்வளவு அனுப்பினான் என்பது அவன் வீட்டுக்கு மட்டும் தெரியும். என்ன ரேட்டுக்கு அனுப்பினான் என்பது தெருவுக்கே தெரியும். பையன் என்ன படித்திருக்கிறான், என்ன வேலை என்று விசாரித்தது போய், இனி எந்தச் செயலியில் அனுப்புகிறான் என்று கேட்டுத்தான் பெண் கொடுப்பார்கள்போல.

2000ஆம் ஆண்டு வாக்கில் ஒரு வெள்ளி 26 ரூபாய். அப்போது என் சித்தப்பா ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். அவர் ரேட் பார்த்து நான் பார்த்ததில்லை. சம்பளம் வந்தால் தேக்காவுக்குப் போவார், யாரோ ஒருவரிடம் கொடுப்பார், இரண்டாம் நாள் ஊரில் யாரோ ஒருவர் வந்து சித்தியிடம் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவார். உண்டியல். சட்டப்படி தப்பு. ஆனால் உண்டியல்காரர் சொன்னதுதான் ரேட். பேரம் இல்லை, ரசீது இல்லை, தூக்கக்கேடும் இல்லை.

இப்போது எல்லாம் சட்டப்படி நடக்கிறது. அதனால் தூக்கம் போய்விட்டது. ஒரு செயலி 'கட்டணமே இல்லை' என்று பெரிய எழுத்தில் போடுகிறது. சந்தையில் 70 ரூபாய் என்றால் அது தருவது 69.30. 2,000 வெள்ளிக்கு 1,38,600 ரூபாய். இன்னொன்று ஐந்து வெள்ளி கட்டணம் கேட்கிறது, ஆனால் 69.95 தருகிறது. கட்டணம் போக 1,995 வெள்ளிக்கு 1,39,550 ரூபாய். கையை நீட்டிக் காசு கேட்டவன் 950 ரூபாய் கூடத் தருகிறான். இலவசம் என்று சிரித்தவன் சத்தமில்லாமல் 1,400 ரூபாயை உருவிக்கொண்டான். கடைசியில் ஊரில் எத்தனை ரூபாய் விழுகிறது என்று மட்டும் பார்த்தால் போதும். இது எங்கள் புளோக்கில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்தும், அந்த ஐந்து வெள்ளியைத் தனியாகக் காட்டும்போது எனக்கு வயிறு எரிகிறது. தெரியாமல் எடுத்தால் எரிவதில்லை.

முதல் முறை அனுப்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு சிறப்பு ரேட் தருகிறார்கள். என் பெயரில் வாங்கியாயிற்று. வீட்டுக்காரர் பெயரில், விடுமுறைக்கு வந்து தங்கி வேலை தேடிய கொழுந்தன் பெயரில், எல்லாம் ஆயிற்று. முதல் முறையாக அனுப்ப எங்கள் வீட்டில் இனி ஆள் இல்லை.

இதையெல்லாம் தாண்டி, நல்ல ரேட் வாங்க நிச்சயமான வழி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் எட்டாவது மாடி அண்ணனை முடித்துவிடுகிறேன்.

அண்ணனின் தத்துவம் இரண்டு சொல்: நாளைக்கு ஏறும். எப்போது கேட்டாலும் நாளைக்கு ஏறும். ஏன் என்றால், "ஃபெட் மீட்டிங் வருதும்மா, வெயிட் பண்ணு." அமெரிக்க மத்திய வங்கி வருடத்துக்கு எட்டு முறை கூடி வட்டியை முடிவு செய்கிறது. ஆகவே எந்த நாளில் பார்த்தாலும் ஒரு கூட்டம் வரப்போகிறது, அல்லது இப்போதுதான் முடிந்திருக்கிறது. முடிந்துவிட்டதே, அனுப்பலாமா என்றால், "மினிட்ஸ் வரட்டும்" என்பார். அந்தக் கூட்டக் குறிப்பு வர மூன்று வாரம். அதற்குள் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை வந்துவிடும். அன்றைக்கு அமெரிக்காவின் வேலைவாய்ப்புக் கணக்கு. அது முடிந்தால் விலைவாசிக் கணக்கு. நடுவில் மும்பையில் ரிசர்வ் வங்கி வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. பிப்ரவரி என்றால் பட்ஜெட், ஜூன் என்றால் கேரளாவில் மழை இறங்கிற்றா இல்லையா. எண்ணெய் நாடுகள் கூடிப் பேசினால் அதற்கும் பொறுக்க வேண்டும். 2018இல் ஜெரோம் பவல் ஃபெட் தலைவரானதிலிருந்து அண்ணன் அவரைச் சொந்தக்காரரைப்போலப் பெயர் சொல்லித்தான் பேசுவார். "பவல் நேத்து கொஞ்சம் கடுப்பாப் பேசிட்டாப்ல." ஃபெட் வாஷிங்டனில் மதியம் இரண்டு மணிக்கு அறிக்கை விட்டால் இங்கே அதிகாலை இரண்டு மணி. குளிர்காலத்தில் அங்கே கடிகாரத்தைத் திருப்பிவைப்பார்கள், இங்கே மூன்றாகிவிடும். அம்மா வீட்டுக்கு வெள்ளையடிக்கக் காசு அனுப்ப வேண்டும். அதற்காக நான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து அமெரிக்க வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளையடிக்கிறவர் நாள் குறித்துவிட்டு வந்து நிற்கிறார். அவருக்குப் பவலைத் தெரியாது.

இத்தோடு விட்டதா? அம்மாவுக்கு ஒரு தனிப் பஞ்சாங்கம். செவ்வாயும் வெள்ளியும் கையில் இருக்கிற காசை வெளியே விடக்கூடாது. அஷ்டமி, நவமி, கரிநாள் ஆகாது. சனி, ஞாயிறு சந்தை மூடியிருக்கும். அந்த நாளில் அனுப்பினால் சில செயலிகள் முன்ஜாக்கிரதையாக ரேட்டை இன்னும் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். திங்கட்கிழமை, "இன்னும் மார்க்கெட் செட்டில் ஆகலம்மா" என்பது அண்ணன் கட்சி. புதன்கிழமை அனுப்பினால் ராத்திரி ஃபெட் என்ன சொல்லுமோ என்று மடியில் நெருப்பு. அம்மாவின் பஞ்சாங்கத்தையும் அண்ணனின் பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது வியாழக்கிழமை ஒன்றுதான். வியாழக்கிழமைதான் அனுப்பினேன். இருபது காசு! வெள்ளிக்கிழமை காசை வெளியே விடக்கூடாது என்று அந்த அண்ணன் வீட்டில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லைபோல.

நாள் பார்ப்பது பெரிய இடங்களிலேயே சரிப்பட்டு வந்ததில்லை. 1991 ஜூலையில் இந்தியா ரூபாயின் மதிப்பை இரண்டு கட்டமாகக் குறைத்தது. முதல் தேதி ஒரு குறைப்பு, மூன்றாம் தேதி இன்னொன்று. முதலாவதற்கே எதிர்ப்பு கிளம்பியதும் பிரதமர் நரசிம்ம ராவ் இரண்டாவதை நிறுத்தச் சொன்னார். நிதியமைச்சர் மன்மோகன் சிங் ரிசர்வ் வங்கியின் துணை ஆளுநர் சி. ரங்கராஜனுக்குப் போன் போட்டார். அதற்குள் வேலை முடிந்துவிட்டது. பிரதமரும் நிதியமைச்சரும் சேர்ந்து ஒரு ரேட்டைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. நான் லிஃப்ட்டில் அடடா வாங்குகிறேன்.

சரி, ரூபாய்ப் பக்கம்தான் இப்படி, வெள்ளிப் பக்கமாவது பிடிபடுமா என்றால் அதுவும் இல்லை. மற்ற நாடுகள் வட்டியை ஏற்றி இறக்கி விலைவாசியைப் பார்த்துக்கொள்ளும். சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981இலிருந்து நாணய மதிப்பை வைத்தே அந்த வேலையைச் செய்கிறது. வணிகக் கூட்டாளி நாடுகளின் நாணயங்களை ஒரு கூடையில் போட்டு, அதற்கு எதிராக வெள்ளியை ஒரு வரம்புக்குள் நகர்த்துகிறது. கூடையில் எது எத்தனை பங்கு என்று மட்டும் சொல்வதில்லை. எங்கள் பாட்டியின் சாம்பார்ப்பொடிக்கு அடுத்தபடியாக இவ்வளவு காலம் கட்டிக் காத்த அளவு இதுதான். பாட்டியாவது சாகும்போது மூத்த மருமகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ரேட் தொல்லையே இல்லாத வெளிநாடு ஒன்று உண்டு. புருணை. 1967இல் போட்ட ஒப்பந்தப்படி அவர்கள் டாலரும் நம் வெள்ளியும் சரிக்குச் சரி, அங்கே இதுவும் இங்கே அதுவும் செல்லும். மலேசியாவும் அந்த ஏற்பாட்டில் இருந்தது, 1973இல் விலகிக்கொண்டது. அதன் பலனாக இன்றைக்கு ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. சனிக்கிழமையானால் பாதித் தீவு பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாருவில் அரிசி, எண்ணெய், ஷாம்பு வாங்கப் போய் வரிசையில் நிற்கிறது. பெட்ரோலும் அங்கே மலிவாயிற்றே என்று நினைப்பவர்களுக்காக, சிங்கப்பூர் வண்டி எல்லையைத் தாண்ட வேண்டுமானால் டேங்கில் முக்கால் பங்கு இருக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறார்கள். மக்களை அரசாங்கம் எவ்வளவு சரியாகப் புரிந்துவைத்திருக்கிறது என்று எனக்கு இதில் ஒரு பெருமை. போன விடுமுறைக்கு வீட்டுக்காரர், "நிம்மதியா புருணை போயிட்டு வரலாம்" என்றார். ரேட் பார்க்க ஒன்றுமில்லாத ஊரில் போய் என்ன செய்வது? வேண்டாம் என்றுவிட்டேன்.

அந்த வழியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, வருகிறேன். 2023 பிப்ரவரி 21ஆம் தேதி இங்குள்ள பேநவ் என்ற பணப் பரிமாற்ற முறையையும் அங்குள்ள யுபிஐயையும் இணைத்தார்கள். இரு நாட்டுப் பிரதமர்களும் காணொளியில் பார்த்திருக்க, நாணய ஆணையத்தின் ரவி மேனனும் ரிசர்வ் வங்கி ஆளுநர் சக்திகாந்த தாஸும் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பித் தொடங்கிவைத்தார்கள். கைபேசி எண் இருந்தால் போதும், நொடியில் போய்ச் சேர்ந்துவிடும் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதின. என்ன ரேட்டுக்கு அனுப்பினார்கள் என்று நான் படித்த ஒரு பத்திரிகையிலும் இல்லை. ஒரு நிருபருக்குக்கூடவா ஊரில் அம்மா இல்லை?

எனக்கு உள்ளூர எரிச்சலாக இருப்பது இன்னொன்று. ஆகஸ்ட் 15 அன்று கொடிப் படத்தை முகப்பில் வைத்துக்கொள்ளும் அதே ஆட்கள்தான் நாங்கள். 2013 ஆகஸ்டில் அமெரிக்க டாலருக்கு எதிராக ரூபாய் 68ஐத் தாண்டி விழுந்தபோது ஊரில் எல்லோரும் தலையில் கைவைத்துக்கொண்டார்கள், இங்கே பணம் அனுப்பும் கடை வாசலில் வரிசை நின்றது. 2022 ஜூலையில் 80ஐத் தொட்டது, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கைதட்டும் பொம்மைகள். 2025 டிசம்பரில் 90ஐத் தாண்டியது, ஒருவர் இனிப்பே வாங்கிக் கொடுத்தார். கச்சா எண்ணெய் விலை ஏறினால் சந்தோஷம், அந்நிய முதலீட்டாளர்கள் பங்குகளை விற்றுவிட்டு ஓடினால் சந்தோஷம். நாடு நன்றாக இருக்க வேண்டும், ஆனால் நான் அனுப்பி முடிக்கிறவரை கொஞ்சம் தள்ளாடிக்கொண்டிருக்கட்டும் என்பது எங்கள் தேசபக்தி. என் வேண்டுதலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்தப் பாவத்துக்குக் கூலியும் கைமேல் கிடைக்கிறது. நான் அனுப்பும் பணத்தில் அம்மா என்ன செய்கிறார்? அக்கா மகள் கல்யாணத்துக்கென்று கொஞ்சம் கொஞ்சமாகப் பவுன் சேர்க்கிறார். தங்கம் வெளிநாட்டிலிருந்து டாலர் கொடுத்து வருவது. ரூபாய் விழுந்தால் எனக்கு ரேட் ஏறும், ஏறிய வேகத்தில் பவுனும் ஏறும். வெள்ளிக்கு இருபது காசு, முப்பது காசு என்று நான் கண்விழித்துப் பொறுக்கியதையெல்லாம் கடைத்தெரு நகைக்கடைக்காரர் ஒரே பில்லில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அவரும் அதே ஃபெட்டைத்தான் பார்க்கிறார். ஆனால் பொறுத்துப் பார்ப்போம், மினிட்ஸ் வரட்டும், மழை வரட்டும் என்று அவர் ஒரு நாளும் சொல்லிக் கேட்டதில்லை. காலையில் கடை திறக்கும்போதே பலகையில் ஏற்றிவிடுகிறார். ஏதாவது விட்டுப்போயிருந்தால் மத்தியானம் இன்னொரு தடவை.