பேட்டரி முனையில் உப்புப் பூத்தல்: அஞ்செட்டி மலைப்பாதையை முன்வைத்து ஓர் ஆய்வு

விளக்கு எரிகிறது. ஹாரன் அலறுகிறது. செல்ஃப் மட்டும் எடுக்கவில்லை. மோட்டார் உலகின் இந்த மாபெரும் முரண்பாட்டுக்கு அறிவுலகம் உரிய மரியாதை தரவில்லை என்ற ஆதங்கத்தில் எழுந்தது இவ்வாய்வு.

ஆய்வுக்களம், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கர்நாடக எல்லையை ஒட்டிய அஞ்செட்டி. இதைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இரண்டு. தேன்கனிக்கோட்டையிலிருந்து இவ்வூருக்கு வரும் சாலை காடும் வளைவுமாகப் போவது. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் இப்பகுதியில்தான் விரிகிறது. சமவெளியில் வண்டி நின்றால் நாலு பேர் இறங்கித் தள்ளுவார்கள். இங்கே யானை நடமாட்டம் இருப்பதால், நாலு பேரும் உட்கார்ந்தபடியே யோசனை மட்டும் சொல்வார்கள். இரண்டாவது காரணம், இதே மாவட்டத்தில் ஓசூருக்குப் பக்கத்தில் எக்சைடு நிறுவனத்தின் பேட்டரி ஆலை இருக்கிறது. பேட்டரி பிறக்கும் மண்ணிலேயே அதன் தலையைத் துடைக்க ஆளில்லை என்பது சமூகவியலாருக்கும் உரிய செய்தி.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஈய அமில பேட்டரியை 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளான்டே செய்தார். சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912இல் கேடிலாக் காரில் ஏறியது. அதுவரை கைப்பிடியைச் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்பினார்கள்; அது திருப்பி உதைத்தால் மணிக்கட்டு முறிந்தது. மணிக்கட்டு தப்பியது முதல் மனிதன் பானட்டைத் திறப்பதையே மறந்தான் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

இனி நோய்க்கூறு. சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழியிடுகின்றன. அவை கந்தக அமிலத் துளிகளையும் தூக்கிக்கொண்டு மூடி வழியாகவும், முனையின் அடியில் உள்ள விரிசல் வழியாகவும் கசிகின்றன. அமிலம் ஈயத்தைத் தொட்டால் வெள்ளைப் பொடி, அதாவது ஈய சல்பேட். கேபிளின் செம்பைத் தொட்டால் நீலப்பச்சைப் பொடி. பயிருக்கு மருந்தடிக்கும் விவசாயி இதைப் பார்த்தவுடன் மயில்துத்தம் என்பார். வேதியியலும் அதையேதான் சொல்கிறது.

முரண்பாடு இங்கே அவிழ்கிறது. பொடி புகுந்த இணைப்பில் 0.02 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். விளக்குக்கு 10 ஆம்பியர் போதும், இழப்பு 0.2 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் கேட்கும். இழப்பு 3 வோல்ட். முழு சார்ஜில் 12.6 வோல்ட் உள்ள பேட்டரி, பந்திக்கு அழைத்துவிட்டுப் பாதி இலையில் சோற்றை நிறுத்திய வீட்டுக்காரர்போல் விழிக்கிறது.

பரிகாரத்தில் மூன்று மரபுகள் உண்டு. முதலாவது தட்டல் மரபு: ஸ்பேனரால் டெர்மினலில் இரண்டு தட்டு. சில சமயம் வண்டி கிளம்பிவிடும். அதனாலேயே இம்மரபு அழியவில்லை. ஆனால் தட்டத் தட்ட முனையின் அடிப்பகுதி விரிசல் கண்டு, அமிலத்துக்குப் புதுவழி திறக்கும். இரண்டாவது வெந்நீர் மரபு: மயில்துத்தம் கரைந்தோடும், ஈய சல்பேட் நீரில் கரைவதே அரிது என்பதால் வெள்ளை அப்படியே நிற்கும். மூன்றாவது சோடா மரபு: ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அமிலம் நுரைத்து அடங்கும். ஆய்வாளரின் ஓட்டு இதற்கே. ஒரே நிபந்தனை, கரைசல் மூடி வழியாக உள்ளே போகக் கூடாது. போனால் உள்ளிருக்கும் அமிலமும் செத்துவிடும்.

செய்முறையில் வரிசை முக்கியம். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். வண்டியின் பாடி முழுவதும் நெகட்டிவோடு சேர்ந்திருப்பதால், மாற்றிச் செய்தால் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, கம்பி பிரஷால் முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் தேய்த்து, கழுவி, ஈரமின்றித் துடைத்து, இறுக்கிய பிறகே மேலே வாசலின் தடவ வேண்டும். தடவிவிட்டு இறுக்காமல் போகிறவர்கள் தனி ஆய்வுக்கு உரியவர்கள்.

முடிவு: சுத்தம் செய்த சில வாரங்களிலேயே மறுபடி பூத்தால் குற்றவாளி டெர்மினல் அல்ல. டிஸ்டில்ட் வாட்டரை அளவுக்கு மீறி ஊற்றியிருக்கலாம், முனையின் சீல் விட்டிருக்கலாம், அல்லது ஆல்டர்னேட்டர் மிகையாகச் சார்ஜ் ஏற்றலாம். எஞ்சின் ஓடும்போது மீட்டர் 15 வோல்ட்டைத் தாண்டினால், சோடாப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனிடம் ரெகுலேட்டரைக் காட்டுங்கள்.