வாழைமர நோட்டு

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையில் சங்கு, சோழி, பாசிமணிக்கு நடுவே ஒரு தட்டு. அதில் பத்து டாலர் நோட்டு, படத்தில் வாழைமரம். 1942 முதல் 1945 வரை மலாயாவைப் பிடித்து வைத்திருந்த ஜப்பான்காரன் அச்சடித்தது. போகப்போக வரிசை எண்கூடப் போடவில்லை. கள்ளநோட்டுக்காரனுக்கு அப்போதே கொண்டாட்டம். போர் முடிந்ததும் அத்தனையும் வெறும் காகிதம். பினாங்குக்குப் பிழைக்கப் போன நம் சீமைக்காரர்கள் பட்ட வயிற்றெரிச்சல் கொஞ்சமா?

“எவ்வளவுண்ணே?”

“ஐந்நூறு சார். தாத்தா ஐ.என்.ஏ. பர்மாவுல நேதாஜி கையால வாங்குன சம்பளம்.”

பர்மாவுக்கு ஜப்பான்காரன் அடித்தது ரூபாய் நோட்டு. டாலர் எப்படிப் போனதோ, தாத்தாவுக்கே வெளிச்சம்.

கையில் வாங்கினேன். ஓரமெல்லாம் பழுப்பு, மூக்கருகே கொண்டுபோனால் இஞ்சி டீ வாசனை. அடியில் இருந்த மற்ற நோட்டுகளிலும் அதே மூலையில் அதே மடிப்பு. தாத்தா ஒழுங்கானவர்.

அசலே செல்லாத நோட்டு. அதற்கொரு போலி, அதற்கு ஐந்நூறு ரூபாய். பேரம் பேசி இருநூறுக்கு வாங்கிவிட்டேன்.

பக்கத்துக் கடைத் தொட்டியில் கல் மிதக்கிறது. அது இன்னும் பழைய யுத்தத்துச் சரக்கு.