மிளகு தானா இறங்கி வருமா?

ஏங்கண்ணு, எங்க மலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, மூச்சு வாங்கி முடியல, அதுக்குள்ள கோடு போட்ட படத்தை நீட்டுறியே! கூலி மேல போனா வேலை கீழ போகுமாமே? நல்லாத்தான் வரைஞ்சிருக்கே. மிளகுக்கொடி இதைப் படிச்சிருக்குதா?

நூறு நாள் வேலைக்கு 2023-24ல தினக்கூலி 294 ரூவா. மறுவருசம் 319. உடனே தோட்டக்காரங்க புலம்பல்: "ஆளே கிடைக்கல, பூட்டிட வேண்டியதுதான்." யாரு பூட்டினாங்கன்னு சோளக்காட்டுச் சந்தையில கேட்டுப் பாரு. சில்வர் ஓக் மரத்துல ஏணி சாத்தி ஏறினாத்தான் மிளகு. கூலி கட்டலைன்னா நம்ம பசங்க குடகுக்கும் கேரளாவுக்கும் பஸ் ஏறிடறாங்க. அங்கயும் அதே மிளகு, அதே ஏணி. அப்ப இங்க இல்லாதது ஆளா, கூலியா?

அமெரிக்காவுலயும் இந்தப் பஞ்சாயத்து நடந்துச்சு. 1992ல நியூ ஜெர்சியில குறைந்தபட்ச மணிக்கூலி 4.25 டாலர்லருந்து 5.05 ஆச்சு. கார்டு, குரூகர்னு ரெண்டு பேரு, பக்கத்துப் பென்சில்வேனியாவையும் சேத்து 410 துரித உணவுக் கடையில ஆளை எண்ணினாங்க. வேலை குறைஞ்ச மாதிரி தெரியல. கார்டுக்கு 2021ல நோபல் பரிசுல பங்கு கிடைச்சுது. ஒத்துக்காதவங்க இன்னும் மல்லுக்கட்டுறாங்க. படிச்சவங்களுக்கும் பொழுது போகணுமில்ல!

ஆனா சாமை விசயத்துல உன் படம் பாதி நெசம். களை எடுக்கணும், அறுக்கணும், அடிக்கணும், இடிக்கணும். சந்தைக்குக் கொண்டு போனா விலை கிடையாது. மிளகு தாங்குற கூலியைச் சாமை எங்க தாங்கும்? அதான் குச்சிக்கிழங்கை நட்டோம். லாரி வந்து ஜவ்வரிசி ஆலைக்கு அள்ளிட்டுப் போச்சு. சாமைக்காடு சுருங்கிப் போச்சு. கூலி ஒண்ணுதான் காரணம்னு சொல்லிராதே, கிழங்குக் காசும் கண்ணைக் கட்டிச்சு.

அது கிடக்கட்டும். அந்தச் சாமையை உரல்ல இடிச்ச பொம்பளைங்களுக்கு யாரு கூலி கொடுத்தா? குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948லயே வந்துச்சே, உரல் பக்கம் எட்டிப் பாத்துதா? உமி நீக்குற மிசினு மலைக்கு வந்தப்ப, ஐயோ வேலை போச்சேன்னு ஒருத்தியும் அழுவல. இடுப்பை நிமித்திக்கிட்டு சிரிச்சாளுங்க. இப்படிப் போன வேலையை உன் படத்துல எந்தப் பக்கம் வரைவே கண்ணு?