கிலோ வேற, லிட்டர் வேறலே

ஏலே பேராண்டி, இப்படி வந்து உக்காரு. எண்ணெயை மிதிச்சிராத, வழுக்கும். இஞ்சினியருக்குப் படிச்ச கால் ஒடிஞ்சா ஊரு என்னைத்தான் ஏசும்.

செக்குலருந்து டின்னுல வந்தது 15 கிலோ நல்லெண்ணெய். நீ வாங்கியாந்தது 15 லிட்டர் கேன். பதினஞ்சுக்குப் பதினஞ்சு சரியாப் போச்சுன்னு கவுத்துட்ட. கிலோவும் லிட்டரும் தண்ணிகிட்ட மட்டுந்தாம்லே ஒத்துப் போகும். ஆச்சி கண்ணாடி விளக்குல தண்ணி ஊத்தி மேல எண்ணெய் விடுவாளே, பாத்ததில்லையா? மிதக்குதுன்னா லேசு. லேசான சாமான் அதே எடைக்குக் கூட எடம் கேக்கும். நல்லெண்ணெய் லிட்டருக்கு 920 கிராம் தேறும். பதினஞ்சை 0.92-ஆல வகு. 16.3 லிட்டர். மிச்சம் 1.3 எங்கன்னு திண்ணைகிட்டக் கேளு.

எடையை அடர்த்தியால வகுத்தா பருமன்னு பரீட்சையில எழுதி முழு மார்க் வாங்குன பயதானே நீ? பேப்பர்ல எழுதுனதைப் பேப்பர்லயே விட்டுட்டு வந்துட்ட.

போன மாசம் தேன்காரர்கிட்ட மல்லுக்கு நின்னது வேற. கிலோ தேன் கேட்டேன், லிட்டர் பாட்டில்ல முக்காலுக்கும் கீழ நிக்கி, திருடன்னு குதிச்சியே. தேன் லிட்டருக்கு 1.4 கிலோ கனம்லே. கிலோத் தேன் ஏறக்குறைய 700 மில்லிதான் நிக்கும். கழுத்து வரைக்கும் நின்னிருந்தா அது தேனில்ல, தண்ணி! வெல்லப்பாகைக் கலந்திருந்தா இந்தக் கணக்குல சிக்காது, அதுவும் கனந்தான். அதுக்கு நாக்கு வேணும்.

இப்பக் காதைக் கொடு, உங்கப்பன்கிட்டச் சொல்லாத. கிலோவும் லிட்டரும் ஒரே விலைன்னு எவனாச்சும் வித்தா வாயைத் திறக்காத. எண்ணெய்னா கிலோவுல வாங்கு. தேன்னா லிட்டர்ல கேளு, 400 கிராம் சும்மா வரும். விக்கப் போனா அப்படியே திருப்பிப் போடு. ஆச்சி மூக்குத்தி எந்தக் காசுல வந்ததுன்னு மட்டும் கேக்காத.

சித்திரை மத்தியானத்துல லிட்டர் கணக்குல எண்ணெய் வாங்காத, அது சூட்டுல உப்பும். பத்து டிகிரி ஏறினா லிட்டருக்கு ஏழு மில்லி போச்சு. நீ கொட்டுனதுக்கு முன்னால அது ஒண்ணும் பெரிசில்லதான்.

சரி, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காத. சிந்துனதை உள்ளங்கையால வழிச்சு உச்சியில வச்சுத் தேய்ச்சிரு. இன்னைக்குச் சனிக்கிழமைதான்.