பால் வாங்கும் வழியில் பறவையும் செடியும்

காலையில் பால் வாங்கப் போகிறவருக்கு மூன்று பறவைகள் போதும்: காகம், மைனா, புறா. நான்காவது பறவையின் பெயர் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் காப்பி தாமதமாகிறது.

நான்காவது பெரும்பாலும் குயில். ஆண் கறுப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பு, உடலெங்கும் வெள்ளைப் புள்ளி. அது குயில்தான் என்று பக்கத்து வீட்டாரை நம்பவைப்பது கடினம். அடுத்தது செம்போத்து. குயில் குடும்பத்தில் பிறந்தும் தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்ளும் பறவை அது. செம்போத்து கண்ணில் பட்டபோதெல்லாம் இத்தகவல் சொல்லப்படும். உடன் நடப்பவர் அதை நேற்றே கேட்டாயிற்று என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இந்தியப் பறவைகளைப் பற்றிய சலீம் அலியின் நூல் 1941இல் வெளிவந்தது. அதன் வழிவந்த கையேடுகள் எல்லாவற்றிலும் பறவை பக்கவாட்டில், நல்ல வெளிச்சத்தில், இலை மறைக்காமல் நிற்கிறது. மரத்திலிருக்கும் பறவை தன் அடிவயிற்றை மட்டும் காட்டுகிறது. கையேட்டைவிட அதைச் சுமக்கும் பை விலை கூடியது. வாங்கியவர் பெயர் இங்கே வேண்டாம்.

பறவையறிதலில் பெரும்பொழுது கொக்கிலேயே கழிகிறது. வெள்ளையாக, நெடுங்காலோடு தண்ணீரில் நிற்பது கொக்கு என்பது ஊர்வழக்கு. அதில் ஒரு குறையும் இல்லை. அண்மையில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஊடறுக்கும் சாலையோரம், பால் பாக்கெட்டோடு நின்ற ஒருவர் “கொக்கு” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். முக்காலியில் தொலைநோக்கி பொருத்தி நின்ற இளைஞர் திரும்பி, “எந்தக் கொக்கு, அங்கிள்?” என்றார். 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. பாலோடு நிற்பது தகாது போலும். பால் வைத்திருந்தவரும் இக்கட்டுரையைத் தொகுத்தவரும் ஒரே வீட்டில் வசிப்பது தற்செயல். ‘அங்கிள்’ இங்கே ஆராயப்படாது. எந்தக் கொக்கு என்பது மட்டும் ஆராயப்படும்.

மாட்டின் காலடியில் நின்றால் உண்ணிக்கொக்கு. மாடு நடக்கையில் புல்லிலிருந்து கிளம்பும் பூச்சியைப் பிடிக்கும். அலகு மஞ்சள். இனப்பெருக்கக் காலத்தில் தலை, கழுத்து, முதுகு எல்லாம் ஆரஞ்சு ஏறி, வெள்ளை என்ற அடிப்படைத் தகுதியையே அது இழந்துவிடும். அலகு கறுப்பென்றால் சின்னக் கொக்கு. ஐயம் தீர விரல்களைப் பார்க்கலாம், மஞ்சளாக இருக்கும். ஆனால் விரல்கள் சேற்றுக்குள் இருக்கும். பறந்தால் விரல் தெரியும், ஆனால் பறவை போய்விடும். அலகு மஞ்சள், விரல் கறுப்பு என்றால் நடுத்தரக் கொக்கு அல்லது பெரிய கொக்கு. பெரியது பெரிதாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இரண்டும் அருகருகே வந்து நிற்பதில்லை. வாய்ப்பிளவுக் கோடு கண்ணுக்குக் கீழே முடிந்தால் நடுத்தரம், கண்ணைத் தாண்டிப் பின்னே போனால் பெரியது. கொக்கின் கடைவாயைப் பார்க்கும் தொலைவுக்குக் கொக்கு எவரையும் விடாது. போதாக்குறைக்கு, இனப்பெருக்கக் காலத்தில் இவ்விரண்டின் அலகும் கறுத்துவிடும். கறுப்பு அலகு சின்னக் கொக்கின் அடையாளம் என்று சற்றுமுன் சொன்னதை வாசகர் இப்போது மறந்துவிடலாம்.

கடலோரத்தில் கரைக்கொக்கு உண்டு. கருஞ்சாம்பலாகவும் இருக்கும், வெள்ளையாகவும் இருக்கும். மடையான் உட்கார்ந்திருக்கையில் சேற்று நிறம், பறந்தால் இறக்கை வெள்ளை. இதுவரை அங்கே எதுவுமே இல்லை என்று நம்பியிருந்தவர் திடுக்கிட்டுப் பாலைக் கீழே போடுவதும் உண்டு. கழுத்தை மடித்துப் பறப்பது கொக்கு, நீட்டிப் பறப்பது நாரை என்று ஒரு விதி சொல்வார்கள். சாம்பல் நாரை கழுத்தை மடித்துத்தான் பறக்கிறது. நடுத்தரக் கொக்கையும் பெரிய கொக்கையும் சாலையில் நின்றபடியே பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. அது இறுதியில் தரப்படும்.

மரங்கள் பறப்பதில்லை. இருந்தும் குழப்பம் குறையவில்லை. அடுக்ககங்களின் மதிலோரம் ஒல்லியாக வளர்க்கப்படும் நெட்டிலிங்கத்தை அசோகமரம் என்றே விற்கிறார்கள், வாங்குகிறார்கள். அசோகம் வேறு, கொத்துக் கொத்தாக ஆரஞ்சும் சிவப்புமாகப் பூக்கும். சீதையை இந்த ஒல்லி நெட்டிலிங்கத்தின் அடியில் உட்காரவைத்திருந்தால் நிழல்கூடக் கிடைத்திருக்காது. மஞ்சள் பூ மேல்நோக்கி நின்றால் இயல்வாகை, சரமாகத் தொங்கினால் சரக்கொன்றை. குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. இதைத் தெரிந்துகொண்டவர்கள் அம்மரங்களின் நிழலில் நின்றபடியே அவற்றை அயல்மரங்கள் என்று முகஞ்சுளிப்பார்கள். வெயிலில் போய் நின்று சுளித்தவர் எவரும் இல்லை.

சாலையோரச் செடிகளின் பெயரை உரக்கச் சொல்லக்கூடாது. கீழாநெல்லி என்றால் காமாலைக்கு நல்லது என்று பதில் வரும். குப்பைமேனி என்றால் சொறிக்கு. துத்தி என்றால் மூலத்துக்கு, அதைத் தொடர்ந்து சொல்பவரின் மைத்துனருக்கு எப்படிக் குணமாயிற்று என்ற வரலாறும். செடி பூவில் இருந்ததா காயில் இருந்ததா என்பதை அதற்குப் பின் எவரும் பார்ப்பதில்லை. நாயுருவிக்கு மட்டும் அறிமுகம் தேவையில்லை. அதன் விதை வேட்டியில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்துவிடும்.

புற்கள் இங்கே சேர்க்கப்படவில்லை. கோரை புல்லன்று என்பது மட்டும் போதும். தண்டை விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தால் கோரை முக்கோணம், புல் உருண்டை. இரண்டுக்கும் விதிவிலக்கு உண்டு.